சாம்பல் நிற மீட்டர்

வேலை போனதை அப்பாவிடம் சொல்லாமல் ஐந்து மாதம் ஓட்டினேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்பத்து மூன்று வயது ஆள் ஒருவன் விளையாட்டுக் கருவி வாங்கிய கதையை ரசித்து எழுதுகிறான் என்று நினைத்துக்கொள்வீர்கள். ரசித்தேன் என்பதும் உண்மைதான். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

சுங்கை பூலோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். காலையில் கம்பெனி பஸ் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் வந்து நிற்கும். அப்பா எனக்கு முன்னால் எழுந்து கோப்பி கலக்கி வைத்திருப்பார். அம்மா போன பிறகு அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் நீளக் கம்பில் அரிவாள் கட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டியவர். வலது தோள் இன்றைக்கும் நேராக நிற்காது. தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்து, எங்களைக் கோல சிலாங்கூருக்கு வெளியே இந்தத் தாமானில் கொண்டுவந்து வைத்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "என் கையில அருவா, எம்மவன் கையில ஸ்க்ரூ டிரைவரு. அது போதும்லா எனக்கு."

ஒரு நாள் மதியம் எங்கள் பகுதி ஆட்கள் அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டு, நஷ்டஈட்டுப் பணம் கொடுத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். இயந்திரங்களையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னாய்யா, சீக்கிரம் வந்துட்ட?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இனிமே வீட்லேர்ந்தே வேலப்பா. கம்ப்யூட்டர்லயே பாத்துக்கலாம்."

கொரோனா காலத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் மாதக் கணக்கில் வீட்டிலிருந்தே பாடம் நடத்தியதை அவர் பார்த்திருக்கிறார். அதனால் உடனே நம்பினார். "அப்ப பஸ்ஸு வராதா?" என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். "நல்லதாப் போச்சி. நீயும் கொஞ்சம் தூங்கி எந்திரி," என்றார்.

ஒரு வாரத்துக்குள் வேறு வேலை பிடித்துவிடலாம், அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. ஒரு வாரம் ஒரு மாதமானது. கூடத்து ஜன்னலோரம் மேசை போட்டு, மடிக்கணினியைத் திறந்து, எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுவேன். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதெல்லாம் பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ஐந்து மணி வரை நான் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அப்பா பின்னால் நாற்காலியில் இருக்கிறார். எதையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அப்படிப் பார்க்க ஆரம்பித்ததுதான் அந்த வீடியோக்கள்.

பழைய காலத்து கேம் பெட்டிகளின் விளையாட்டுகளை உள்ளங்கை அளவுக் கருவியில் ஓட்டிக் காட்டுவார்கள். எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள். ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரமாக நடிப்பதற்கு உதவுவது. எங்கள் வீட்டில் அந்த நேரம் அந்த வேலையை நானும்தான் செய்துகொண்டிருந்தேன். வீடியோவில் வருகிறவர்கள் எல்லோரும் பால்ய காலம் திரும்பக் கிடைக்கிறது என்று உருகுவார்கள். எனக்கு அந்த உருக்கமெல்லாம் கிடையாது. சின்ன வயதில் இதெல்லாம் எங்கள் வீட்டில் இருந்ததும் இல்லை. பகலில் ஏழு மணி நேரத்தை விழுங்க எனக்கு ஏதாவது வேண்டும், அது வெளியிலிருந்து பார்க்க வேலை மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மலிவுக் கருவிகளில் மட்டுமே முப்பது நாற்பது இருக்கின்றன. ஒரு மாதம் அதிலேயே போனது. உள்ளங்கையில் நெட்டுக்குத்தாகப் பிடிக்கிற வகை சட்டைப் பைக்குள் போகும், ஆனால் பெரிய கைக்கு விரல் வலிக்கும். அகலத் திரை அழகு, ஆனால் பழைய விளையாட்டுகளின் படம் கிட்டத்தட்ட சதுரம் என்பதால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். மடக்குகிற வகையில் கீல் உடைகிறதாம். சிப்பு, மின்கலம், திரையின் புள்ளிகள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதினேன். பதினாறு வருடம் உதிரிப் பாகங்களைத் தேர்ந்தெடுத்த கை, சும்மா இருக்குமா? நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

கடைசியில் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் கட்டங்கள் எதுவும் இல்லை. ஊதா நிறத்தில், உள்ளே மின்சுற்றுத் தகடு தெரிகிற மாதிரி ஒன்று வந்தது, பார்த்ததுமே பிடித்துப்போனது. இன்னொன்றில் கட்டைவிரல் குச்சியைச் சுற்றி வண்ண விளக்கு எரியும். இரண்டையும் தள்ளிவிட்டு, எந்த எழுத்தும் படமும் இல்லாத சாம்பல் நிறக் கருவியைப் பிடித்தேன். விளக்கு கிடையாது. பொத்தான்களுக்கு அடியில் டிக் டிக் என்று சத்தம் போடும் சுவிட்சு இல்லை, ரப்பர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மின்சாரம் அளக்கிற மீட்டர் என்று சொல்லலாம். எழுபத்திரண்டு வயது மனிதரை ஏமாற்ற எது வசதியோ அதைத்தான் வாங்கினேன்.

பார்சலை வாங்கி வைத்தவர் அப்பாதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"என்னாய்யா இது?"

"வேல சாமான்ப்பா. மீட்டரு."

"கம்பெனில அனுப்புனாங்களா?"

"ஆமாப்பா."

அன்றிலிருந்து அது 'மீட்டரு' ஆனது. அந்தப் பெயரை நான் ஒருமுறைதான் சொன்னேன், மற்ற தடவைகளெல்லாம் அவர் சொன்னவை. நான் காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன் மாட்டி, கருவியை மடிக்கணினிக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்து விளையாடுவேன். அவர் பத்தரைக்குப் பால் ஊற்றாத தே ஓ கொண்டுவந்து, சத்தமில்லாமல் கிளாஸை வைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை முறுக்கினால் வேலியோரம் போய், "தம்பி, உள்ள எம்மவன் வேல செய்றான்யா," என்று சொல்லிவிட்டு வருவார். அந்த நேரம் நான் ஒரு குட்டி உருவத்தைக் குழி தாண்ட வைத்துக்கொண்டிருப்பேன். குழியில் விழுந்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கும். ஆனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மலிவுக் கருவியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. கூடவே வருகிற மெமரி கார்டு பெயரில்லாத சரக்கு. எப்போது வேண்டுமானாலும் கண்ணை மூடும். அதில் இருந்ததையெல்லாம் மடிக்கணினிக்கு மாற்றி, நல்ல கார்டு ஒன்றில் ஏற்றினேன். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள், ஒரே விளையாட்டு மூன்று நான்கு பெயரில். வேண்டாததை ஒரு வாரம் களைந்தேன். உள்ளே ஓடும் மென்பொருளையும் மாற்றினேன். பழையதில் அணைத்தால் முழுதாக அணைந்துவிடும், திரும்ப எழ ஒரு நிமிடம் ஆகும். புதியதில் மேல் விளிம்பில் இருக்கிற பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும், அந்த நொடியே திரை இருண்டு தூங்கிவிடும். இன்னொரு தட்டு, விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். இதைக் கண்டுபிடித்துச் செய்த ஆள் எந்த நாட்டுக்காரரோ, நல்ல மனதோடு செய்திருப்பார். நான் அதை அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டுவதற்குப் பயன்படுத்தினேன்.

திசைப் பொத்தானில் ஒரு குறை இருந்தது. வலது பக்கம் அழுத்தினால் சில நேரம் மேலேயும் சேர்த்து அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கருவியை வாங்கின எல்லோரும் இதைச் சொல்லியிருந்தார்கள். மருந்தும் சொல்லியிருந்தார்கள்: பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, தகட்டில் ரப்பர் தொடுகிற இடத்தில் மெல்லிய ஒட்டுநாடாவைச் சின்னதாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு காலையில் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பழைய வேலைப் பெட்டியை எடுத்து, கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டி உட்கார்ந்தேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பதினாறு வருடமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறார்.

"இவ்ளோண்டு ஸ்க்ரூ எப்படிய்யா கண்ணுக்குத் தெரியுது?"

"இந்தக் கண்ணாடில தெரியும்ப்பா. பாக்குறீங்களா?"

கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். இது என்ன, அது என்ன என்று கேட்டார். இது மின்கலம், இது சிப்பு, இந்த ரப்பருக்கு அடியில் கரி இருக்கிறது, அது தகட்டைத் தொட்டால் மின்சாரம் ஓடும், தொடும் இடம் அகலமாக இருப்பதால் தப்பாக ஓடுகிறது, அதை நான் குறைக்கப்போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒட்டி முடித்து மூடியதும் அவர், "கையி நடுங்கவே இல்லையே ஒனக்கு," என்றார். பதினாறு வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனிதர் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அதுதான் நிஜம்.

ஆயுத பூசை வந்தது. அப்பாவுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். தோட்டத்தில் இருந்த காலத்தில் லோரி, டிராக்டர் எல்லாம் கழுவி மாலை போட்டு நிற்குமாம். இப்போது வீட்டில் இருக்கிறதை வைத்துச் செய்கிறார். சுங்கை பெசாரிலிருந்து அக்காவும் மாமாவும் காரில் வந்திருந்தார்கள். அப்பாவோடு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். பொரியும் வாழை இலையும் வாங்கிவர என்னை டவுனுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மாலை நான்கு மணி இருக்கும். சாமி மேடைக்கு முன்னால் எல்லாம் தயாராக இருந்தது.

அவருடைய அரிவாள், பாராங் கத்தி, என் ஸ்பேனர் பெட்டி, மடிக்கணினி, அக்காவின் தையல் கத்தரிக்கோல். நடுவில், புதுத் துண்டை நான்காக மடித்து அதன் மேல் அந்தச் சாம்பல் நிறக் கருவி. அப்பா கடையில் விற்கிற சந்தனத் தூளைத் தொட மாட்டார். கட்டையை உரசித் தண்ணீரும் சந்தனமுமாக எடுத்துத்தான் பொட்டு வைப்பார். கத்திக்குப் பிடியில் ஒன்று, பெட்டிக்கு மூலைக்கு ஒன்று என்று அவருக்கு ஒரு முறை இருக்கிறது. கருவிக்கும் முறை தவறாமல் வைத்திருந்தார். வலது பக்கம் இருந்த நான்கு பொத்தான்களுக்கும் நான்கு பொட்டு. திசைப் பொத்தானின் நட்ட நடுவில் பெரிய பொட்டு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். ஈரம் பொத்தான்களின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். எப்படி எடுப்பது? பொட்டு வைத்தாகிவிட்டது. மறுநாள்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. டிராக்டர் ஓட்டிய பெரியவர் குனிந்து பார்த்து, "இதென்னா?" என்று கேட்டார்.

"மவனோட மீட்டரு. இத வச்சித்தான் வேலயே. தொறந்து ரிப்பேரு பண்றப்ப பாக்கணுமே நீ," என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுக்கு அது என்னவென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் இலையைப் பிரிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சூடம் ஏற்றப் போகும்போதுதான் நடந்தது. சந்தனம் ஒரு சொட்டு மேல் விளிம்பில் வழிந்திருந்தது. அப்பாவுக்கு வழிந்தால் பிடிக்காது. துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். அந்த இடத்தில்தான் தூங்க வைக்கிற பொத்தான் இருக்கிறது. திரை பளீரென்று எழுந்தது. இயர்போனுக்காக நான் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தேன். இயர்போன் இல்லாததால் அத்தனையும் ஒலிபெருக்கி வழியாக வெளியே வந்தது. டிங் டிங் என்று துள்ளுகிற பாட்டு கூடம் முழுக்கக் கேட்டது. சந்தனம் இறங்கிய பொத்தான் தானாக அழுந்தி, அந்தக் குட்டி உருவம் குதித்துக்கொண்டே இருந்தது. குழியில் விழுந்தது, எழுந்தது, மறுபடியும் விழுந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாலா இது, பாட்டுப் படிக்குது," என்றார் பெரியவர்.

அப்பா பயந்துபோனார். சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணல தம்பி. தொடச்சேன், அவ்ளோதான். கெட்டுப்போச்சாய்யா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எது? சாமிக்கு முன்னால், தெரிந்தவர்களுக்கு முன்னால், கருவியே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்ட பிறகு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒங்கள யாருப்பா அதத் தொடச் சொன்னது? வேல சாமான்னு சொல்லியிருக்கேன்ல. இப்ப கம்பெனிக்கு நான் என்னா பதில் சொல்றது?"

கம்பெனிக்கு. அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போய்க் கருவியை அணைத்தேன். என் விரலில் சந்தனம் ஒட்டியது. அப்பா இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிக்கய்யா," என்றார். அவர் தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரிடமோ கணக்கெழுதுகிற கிராணியிடமோ அந்த வார்த்தையைச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னிடம் சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அப்புறம் அவர் சூடம் ஏற்றினார், நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம்.

அக்கா அடுப்படியில் என்னைப் பிடித்தாள்.

"எத்தன மாசமா?"

"அஞ்சி."

"அவருகிட்ட சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது."

"சொல்றேன்க்கா."

"இன்னிக்கே சொல்லு."

சரி என்றேன். அவர்கள் காரில் ஏறியதும் அப்பா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் குளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பூசை கலைத்து எடுத்துப் பார்த்தால் சந்தனம் உள்ளே காய்ந்து கட்டியாகிவிட்டது. வலது பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இறங்கியவை எழவே இல்லை. திசைப் பொத்தான் ஒரு பக்கம் செத்துவிட்டது. எனக்கு அரை மணி நேர வேலை. கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும். ஆனால் மறுபடி வெள்ளைத் துணி விரிக்க வேண்டும், மறுபடி அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். வேறு ஒன்று அனுப்புவார்கள் என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்லக் கூச்சப்படுகிற கட்டம் எனக்கு எப்போதோ முடிந்திருந்தது.

அப்பா தே ஓ கொண்டுவருவது நிற்கவில்லை. ஆனால் மேசைக்கு ஒரு அடி தள்ளியே நின்று, கையை நீட்டி வைப்பார். மேசையில் எதையாவது தொட்டுவிடுவோமோ என்று பயம். மூன்றாம் நாள் கேட்டார்.

"வேல நின்னுபோச்சாய்யா?"

தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, மீட்டர் இல்லாமல் வேலை தடைப்பட்டுவிட்டதா என்று கேட்கிறார்.

"இல்லப்பா. வேற வேல இருக்கு, செஞ்சிக்கிட்டுதான் இருக்கேன்."

"என்னாலதான்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அடுத்த வாரம் பத்தாங் காலியில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி வேலையாக வெளியே போகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டாரில் கிளம்பினேன். கேள்வி கேட்டவளுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கடைசி ஐந்து மாதம் என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சின்ன மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்தேன் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. அப்பா அந்த நேரத்தில் எங்கும் போகிறவர் இல்லை. உள்ளே வந்து மேசையைப் பார்த்தேன். இழுப்பறை முழுதாக மூடாமல் ஒரு விரல் கடை திறந்திருந்தது. கருவி இல்லை.

எங்கே கொண்டுபோயிருப்பார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கெடுத்தது தான் என்று நம்புகிறவர், சரிபண்ணிக் கொடுக்கத்தான் போவார். எந்தக் கடைக்காரனும் அதைக் கையில் வாங்கிய கணத்தில் சொல்லிவிடுவான். மோட்டாரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் அவரை நடுவழியில் பிடிக்கலாம் என்று சாவியை எடுத்தேன். பிடித்து என்ன சொல்வது? சாவியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இன்றைக்குத் தெரிந்துபோகட்டும் என்று ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. என் வாயால் சொல்ல வேண்டியதை ஒரு கடைக்காரன் சொல்லிக் கொடுத்தால் எனக்கு மிச்சம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காகவும் வெட்கப்படுகிறேன்.

நான்கரைக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோயிலுக்குப் போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டை. வெளிக்குழாயில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, கையிலிருந்த துண்டை மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். கருவி பளிச்சென்று இருந்தது. பொத்தான் இடுக்கில் ஒரு துளி சந்தனம் இல்லை.

"சரியாயிருச்சி," என்றார். "உள்ள போயி காஞ்சி கெடந்திருக்கு. கழட்டித் தொடச்சிக் குடுத்தாங்க."

"எங்கப்பா குடுத்தீங்க?"

"டவுன்ல, பஸ் ஸ்டேசன் பக்கத்துல ஹேண்ட்போன் கட இருக்குல்ல, அங்க."

நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"செஞ்சி முடிச்சிட்டு எல்லா பட்டனும் வேல செய்தான்னு பாத்தாங்க. கடக்காரரு கொஞ்ச நேரம் வெளாண்டாரு. அப்புறம் கடைல வேல செய்றவங்க ரெண்டு பேரு வந்து அவங்களும் வெளாண்டாங்க. நல்லா இருக்காம். உள்ள டேப்பு ஒட்டியிருக்கத பாத்துட்டு, யாரோ வேல தெரிஞ்சவங்க செஞ்சிருக்காங்கன்னு சொன்னாரு."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றேன்.

"யாரு அங்கிள் இத வெளாட்றதுன்னு கேட்டாரு," என்றார். "நாந்தான்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. எனக்கும் வேல இல்லய்யா, வீட்டுல சும்மாதான் ஒக்காந்திருக்கேன், வேற என்னா பண்றதுன்னு சொல்லிட்டு வந்தேன்."